பின்னலாடை உற்பத்தித் திட்டமிடல் (திருப்பூர்)

பின்னலாடை உற்பத்தித் திட்டமிடல் என்பது, ஓர் ஏற்றுமதி ஆர்டரைக் கப்பலேறும் தேதிக்குள் முடிப்பதற்காக, நூல் முதல் அட்டைப்பெட்டி வரையிலான வேலைகளுக்கு நாள், அளவு, ஆள், எந்திரம் ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்து, அன்றன்று சரிபார்க்கும் பணி. திருப்பூரில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி போன்றவை பெரும்பாலும் வெவ்வேறு முதலாளிகளின் பட்டறைகளில் ஜாப் ஒர்க்காக நடக்கின்றன. ஆர்டர் எடுத்த கம்பெனி பல நேரம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவற்றை மட்டுமே தன் கூரைக்குள் வைத்திருக்கிறது. தன் சொல் செல்லாத இடங்களுக்கும் சேர்த்துத்தான் திட்டமிடுபவர் நாள் குறிக்க வேண்டும்.

கணக்கு கடைசியிலிருந்து தொடங்கும். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பேக்கிங், தையல், கட்டிங், துணி, நூல் என ஒவ்வொன்றுக்கும் கெடு வைக்கிறார்கள். நிறத்துக்கும் சாம்பிளுக்கும் பையர் ஒப்புதல் தரும் நாட்களும் இதற்குள் அடங்கும்.

உதாரணமாக 20,000 டி-சர்ட் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கழிவுக்காக 3 சதவீதம் கூடுதலாக வெட்டினால் 20,600. ஒரு பீஸுக்கு 200 கிராம் என்றால் சாயமிட்ட துணி 4,120 கிலோ தேவை. சாயத்தில் 5 சதவீதம் எடை குறையும் என்று வைத்தால், பின்ன வேண்டிய துணி ஏறத்தாழ 4,340 கிலோ. சாய எந்திரத்தின் கொள்ளளவுக்கேற்ப இது பல லாட்டுகளாகப் பிரியும். லாட்டுக்கு லாட் ஷேடு சற்று மாறும் என்பதால், கழுத்துக்கான ரிப் துணியையும் உடல் துணியோடு ஒரே லாட்டில் சாயமிடுவார்கள். ரிப்பைச் சேர்த்து அனுப்ப மறந்தால், சில கிலோ துணிக்காக முழு ஆர்டரும் காத்துக் கிடக்கும்.

தையலுக்கு நிமிடக் கணக்கு. ஒரு பீஸுக்கு 10 நிமிட வேலை, 30 பேர், 480 நிமிட ஷிப்ட், செயல்திறன் 60 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 864 பீஸ், அதாவது மணிக்கு 108. ஆனால் சராசரியை நம்பி லைன் போட முடியாது. கழுத்து வைக்க 0.8 நிமிடம் பிடித்தால், அதே செயல்திறனில் ஓர் எந்திரம் மணிக்கு 45 பீஸ்தான் தரும். இரண்டு எந்திரம் போட்டால் 90. மற்ற டெய்லர்கள் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் லைன் 90-க்கு மேல் தராது. கழுத்து வைக்காத உடல்கள் எந்திரத்தருகே குவியும். மூன்றாவது எந்திரம் வந்தால்தான் கணக்கு நேராகும்.

இந்தச் சூத்திரங்களெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். நடைமுறையில் நாள் நழுவுவது பெரும்பாலும் தையலில் அல்ல, ஒரு பட்டறை முடித்து மறு பட்டறை தொடங்கும் இடைவெளியில். எந்த வேலையும் நடக்காமல் துணி சும்மா கிடக்கும் அந்த நேரத்தைப் பல அட்டவணைகளில் காண முடியாது. துணி தாமதமானதும் ஒன்றரை ஷிப்ட், இரவு வேலை என்று தையலை முடுக்குவார்கள். அப்படியும் கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும். தாமதம் கம்பெனியுடையதென்றால் செலவும் அதன் தலையில்தான். பல ஆர்டர்களின் லாபம் இங்கேதான் போகிறது.

இச்சங்கிலியில் இறுக்கமான கண்ணி சாயம். நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. துணி வெளியூர்களுக்குப் போனது. பின்னர் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறிய ஆலைகளே மீண்டும் இயங்கின. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சார்ந்த ஆலை, அங்கே தனக்குள்ள பங்கு அளவுக்கே துணி ஓட்ட முடியும். எனவே ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் கேட்டு உறுதிசெய்ய வேண்டிய முதல் தேதி, சாயப்பட்டறையில் இடம் கிடைக்கும் தேதி.