படிப்பாளி தனியாக உருவாவதில்லை
(மலாயாத் தமிழரின் வாசிப்புப் பழக்கம்: ஒரு வரலாற்றுப் பார்வை)

புத்தகப் பைத்தியம் என்று யாரையாவது சொன்னால், ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் நம் நினைவுக்கு வருவார். கூப்பிட்டால் காதில் விழாது, காப்பி ஆறிப்போனதும் தெரியாது. இந்தப் படம் பொய் இல்லை, பாதிக் கதை. அந்த மூலைக்கு அவர் போய்ச் சேர்வதற்கு முன்னால், அவருக்குப் படித்துக் காட்டியவர், புத்தகம் இரவல் தந்தவர், படித்ததைப் பற்றிச் சண்டை போட்டவர் என்று ஒரு கூட்டமே இருந்திருக்கும். நம் நாட்டுத் தமிழர் படித்த வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தமிழாசிரியர்களாகிய நமக்கு அதில் ஒரு வேலையும் இருக்கிறது.

காதால் படித்தவர்கள்

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக 1816-ஐக் குறிக்கிறோம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் அந்த ஆண்டு தமிழ் வகுப்பு தொடங்கியது. ரப்பர்த் தோட்டங்களில் பள்ளிகள் பரவ இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஒரு கொட்டகைதான் பள்ளிக்கூடம்.

அடுத்த ஆண்டே, 1924-இல், கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' வந்தது. பத்திரிகை வந்துவிட்டது, ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் ஒருவர் படிக்க, பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கமாயிற்று. லயத்து வாசலிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒரே பத்திரிகை பத்துப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்கிறவர் சும்மா இருக்க மாட்டார். "அது எந்த ஊரு?", "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று குறுக்கே கேட்பார். படிக்கிறவர் நிறுத்தி விளக்கியாக வேண்டும். இப்படிக் கேட்டவர்களையும் வாசகர்கள் என்றே நான் சொல்வேன்.

இது நம்மிடம் மட்டும் இருந்த வழக்கம் இல்லை. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1860-களிலேயே, தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள்.

காத்திருந்து படித்தவர்கள்

ஆனந்த விகடன் 1926-இலும் கல்கி 1941-இலும் குமுதம் 1947-இலும் தொடங்கின. சென்னையில் அச்சான இதழ் கடல் தாண்டி வர வேண்டும். பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்கிய பிறகுதான் அது கடைக்கு வரும். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்தது. அதை இங்கே தொடராகப் படித்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்க. ஒரு முடிச்சு அவிழ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. தொடர் முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்துப் பைண்டு செய்து வைப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் அலமாரியில் அப்படி ஒரு கட்டு இருந்தால், ஓரத்தில் எழுதியிருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். எத்தனை கை மாறியது என்பது தெரியும்.

இடைசெவலிலிருந்து கோலாலம்பூருக்கு

1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. ஆனால் நல்ல கதை எது என்று படித்துப் பார்க்கவும் அது சொல்லிக்கொடுத்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1952-இல், அதே பத்திரிகையில் ஆசிரியர் பொறுப்பேற்கக் கு. அழகிரிசாமி வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல் அவர் ஊர். அவரும் கி. ராஜநாராயணனும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில், 1923-இல், பிறந்த நண்பர்கள். கி.ரா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இருவருக்கும் உண்மையான பள்ளிக்கூடம் இரவல் புத்தகமும் ஓயாத பேச்சும்தான். ரசிகமணி டி.கே.சி.யிடம் போய்க் கம்பன் பாட்டை அனுபவிக்கக் கற்றுக்கொண்டார்கள். டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால் விட மாட்டார். திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் முகம் மலர்கிற வரைக்கும் பாடம் நடக்கும். நெல்லையில் அவர் வீட்டில் கூடிய அந்தச் சபைக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர்.

கோலாலம்பூரில் அழகிரிசாமியும் ஒரு வட்டத்தைக் கூட்டினார். பெயர் 'இலக்கிய வட்டம்'. உள்ளூர்க் கதைகளைப் படித்து, நல்லதை நல்லது என்றும் தேறாததைத் தேறாது என்றும் முகத்துக்கு நேரே பேசும் பழக்கம் இங்கே வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1957-இல் அவர் தமிழ்நாடு திரும்பினார். இங்கே இருந்தது சுமார் ஐந்து ஆண்டுதான். நாற்பத்தேழு வயது நிறையும் முன்பே, 1970-இல், காலமானார்.

அவருடைய புகழ்பெற்ற சிறுகதை 'அன்பளிப்பு'. புத்தகங்களோடு வாழும் ஒருவர் வீட்டுக்குப் படையெடுத்து வரும் பிள்ளைகளின் கதை. பரிசு கிடைக்காத ஒரு சிறுவனின் ஏக்கம்தான் அதன் உயிர். புத்தகம் படிப்பதில் இருக்கும் சந்தோஷமும், அதைத் தருகிறவர் நம்மையும் ஒரு ஆளாக மதிக்க வேண்டும் என்ற ஆசையும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன கதை எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளி

1950-களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கு இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கா என்ற வாதம் எழுந்தது. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தமிழ் முரசு வழியாகத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைப்பதே நோக்கம். தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள்.

அந்த நூலகத்துக்குள் கால் வைக்கும் வாய்ப்பு தங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தே பலர் கொடுத்திருப்பார்கள். தமிழை மையமாகக் கொண்டு அந்தத் துறை 1956-இல் தொடங்கியது. 1959-இல் கோலாலம்பூருக்கு மாறியது. இன்று அது பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தூரமில்லை. 1961-இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இந்தத் தலைநகரில்தான் நடந்தது. படிக்கத் தெரியாத ஒருவர் போட்ட வெள்ளியும் இந்த வரலாற்றில் சேர்ந்திருக்கிறது.

கலைந்த கூட்டம்

தோட்டங்கள் விலைபோய், செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறின. லயத்துக் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. வாசிப்புக் கூட்டமும் அதோடு கலைந்தது. 94 ஆண்டு வந்த தமிழ் நேசன் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நின்றது.

நம் பள்ளிகளில் நிலாம் திட்டம் இருக்கிறது. மாணவர் தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் எல்லாம் பதிவு செய்கிறார். பதிவு வேண்டியதுதான். ஆனால் படிவம் நான்கு மாணவரிடம் "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டால் "ஓகே டீச்சர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் படித்த புத்தகத்தை அவரைச் சுற்றி வேறு யாரும் படித்திருக்கவில்லை. யாரிடம் அவர் சண்டை போடுவார்?

வகுப்பறைக்குச் சில வழிகள்

வாரத்தில் ஒரு பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியரே ஒரு கதையை உரக்கப் படிக்கலாம். முடிச்சு விழும் இடத்தில் நிறுத்துங்கள். மிச்சம் அடுத்த வாரம். குறுக்குக் கேள்விக்குத் தடை வேண்டாம்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே கதையைக் கொடுக்கலாம். 'அன்பளிப்பு' நல்ல தொடக்கம். ஒப்படைப்பு எதுவும் கேட்காமல், கதையில் வரும் பெரியவர் செய்தது சரியா என்று மட்டும் பேசவிடுங்கள். கருத்து மோதல் வந்தால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம்.

வரலாற்றுப் பணியாக, வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லலாம்: உங்களுக்கு முதலில் படித்துக் காட்டியது யார்? எந்தத் தொடர்கதைக்குக் காத்திருந்தீங்க? யாரோட சேர்ந்து படிச்சீங்க? பதில்களை மாணவர்களே எழுதி வகுப்பில் வாசிக்கட்டும். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை குறைந்துகொண்டே வருவதால், இந்தப் பணியை இந்தத் தவணையிலேயே செய்துவிடுவது நல்லது.