கூட்டு மருந்தும் கூட இருந்தவர்களும்

மருந்து கண்டுபிடிப்பது ஒரு கதை. அதை ஒரு மனிதர் தினமும் தவறாமல் ஆயுள் முழுக்கச் சாப்பிடுவது வேறு கதை. ஹெச்.ஐ.வி. என்றால் எல்லோரும் முதல் கதையைத்தான் பேசுகிறார்கள். வங்கிக்காரனான எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. கடன் சாங்ஷன் ஒரு நாள் வேலை. இருபது வருடம் தவணை தவறாமல் வரவைப்பதுதான் நிஜமான வேலை.

முதலில் இருந்து வருவோம். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில் ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. இந்தியாவில் முதன்முதலாகத் தெரிய வந்தது அப்போதுதான். மருந்து கிடையாது. பயமும் அவமானமும் மட்டும் ஏராளம். 1993ல் சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், சோதனையோடு உட்கார்ந்து பேசுவதையும் சிகிச்சையாகவே நினைத்தது.

அடுத்து நோயாளிகளே எழுந்தார்கள். ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் இந்தியக் கூட்டமைப்பு 1997ல் சென்னையில் பிறந்தது. கணவனிடமிருந்து கிருமியைப் பெற்ற பெண்களுக்கு வேறு கவலைகள்: சொத்து, பிள்ளைகள், புகுந்த வீடு. அவர்களுக்காக 1998ல் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' வந்தது.

அப்போது கூட்டு மருந்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். 2001ல் நம்ம ஊர் சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. உடனே வேறொரு சந்தேகம் கிளம்பியது. ஏழைகள் ஒழுங்காகச் சாப்பிடுவார்களா? அமெரிக்க அரசின் உதவி நிறுவனத் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் அதே ஆண்டில், ஆப்பிரிக்காவில் பலர் கடிகாரமே பார்த்ததில்லை, நேரத்துக்கு எப்படி மாத்திரை போடுவார்கள் என்ற பொருளில் பேசினார். 2006ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இதற்குப் பதில் சொன்னது. மருந்தைச் சரியாகச் சாப்பிட்டவர்கள் ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம்! 1992ல் நபார்டு சுயஉதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்தபோதும் இதே மாதிரி சந்தேகம்தான். கூட நாலு பேர் இருந்தால் ஏழை நாணயம் தவறுவதில்லை.

இங்கே 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அன்றைய கணக்கு கடுமையானது. நாளுக்கு இரண்டு வேளை, மாதம் 60 வேளை. 95 சதவீதம் சாப்பிட்டால்தான் பலன். அதாவது மாதத்தில் மூன்று வேளைக்கு மேல் விட்டால் ஆபத்து. கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதனால் மருந்து தொடங்கும் முன்பே ஆலோசகரிடம் பேச வேண்டும். வீட்டிலோ நட்பிலோ துணைக்கு ஒருவர் வேண்டும். அடுத்த மாதம் வரும்போது மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். அது மிரட்டல் இல்லை. ஏன் விட்டுப்போனது என்று பேச ஒரு வழி.

இந்தப் பேச்சுக்குப் பயிற்சி தேவை. மும்பையின் டாடா சமூக அறிவியல் கழகம் 'சக்‌ஷம்' திட்டத்தில் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நாடு முழுதும் ஆலோசகர்களைத் தயார் செய்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்திய சமுதாயப் பராமரிப்பு மையங்களில் நோயாளிகளைச் சில நாள் தங்கவைத்துப் பழக்கினார்கள். 2013ல் வந்த 'விஹான்' மையங்களில் கிருமியோடு வாழ்பவர்களே சக ஆலோசகர்கள் ஆனார்கள். மருந்தை நிறுத்திக் காணாமல் போனவர்களைத் தேடிப் போனவர்களும் அவர்கள்தான். "நானும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன்" என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாதே!

வருத்தம் ஒன்று உண்டு. இந்த ஆலோசகர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். வெளிநாட்டு நிதி வரும், போகும். நோயாளியின் மாத்திரை மட்டும் ஆயுளுக்கும்.

கடைசியாக, ஊர் விட்டு ஊர் வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு. மாற்றலில், புது வேலையில் விட்டுப்போவது பெட்டி படுக்கை மட்டுமல்ல, மருந்தும்தான். மொழி தெரியாத ஊரில் யாரிடம் கேட்பது என்று தயங்கி நிறுத்தியவர்கள் உண்டு. பழைய மையத்தில் மாறுதல் கடிதம் வாங்கினால் எந்த மாநிலத்து மையத்திலும் இலவசமாகத் தொடரலாம். 1097 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவதும் வீடு மறுப்பதும் தடை செய்யப்பட்ட பாகுபாடு. சோதனை முடிவை ரகசியமாகக் காப்பதும் சட்டக் கடமை.

யாருக்காவது தேவைப்படலாம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள்.