மூன்றாமவர் இல்லாத சமாதானம்

திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணிற்படும். பாறைக் குன்றின்மீது மதிலுக்குள் மதிலாக எழுந்து நிற்கும் அக்கோட்டையைப் பார்த்துச் செல்வோர் பலர். அது கூறும் பாடத்தைக் கேட்டுச் செல்வோர் சிலரே.

ஆற்காட்டு நவாபுப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் மோதிக்கொண்ட காலம் அது. முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. பின்னவருக்கு ஆங்கிலக் கம்பெனி துணை. 1751ஆம் ஆண்டில் இரு தரப்புப் படைகளும் வாலிகண்டபுரத்தை அடுத்துப் பாளையம் இறங்கின. கோட்டையைக் காத்துவந்த கில்லேதாரைத் தம் பக்கம் இழுக்க இரு தரப்பாரும் பேச்சு நடத்தினர். வெல்பவர் எவர் என்று தெரியாத நிலையில் அவர் எப்பக்கமும் சாயாமல் ஏறத்தாழ இரு வார காலம் நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த கம்பெனிப் படை ஓரிரவு பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தது. கோட்டை மட்டும் பிடிபடவில்லை. கில்லேதார் மறு தரப்பை அழைத்தார். அதன்பின் நடந்த போரில் கம்பெனிப் படை நிலைகுலைந்து ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது.

யார் வென்றார், யார் தோற்றார் என்பதை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதினர். பேட்டையில் வெந்தழிந்த வீடுகள் எவருடையவை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. இருவர் போரிடும் மண்ணில் வாழும் மூன்றாமவரின் கதை பெரும்பாலும் இவ்வாறுதான் முடிகிறது.

இருநூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இதே வட்டாரம் மற்றொரு முறை அதைக் கண்டது. 1987 மார்ச் 15 அன்று அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில், தமிழ்த் தேசியத்தின் பெயரால் ஆயுதம் ஏந்திய ஒரு குழு வெடி வைத்தது; மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்தது. மாண்டவர்கள் அரசும் அல்லர், ஆயுதக் குழுவும் அல்லர். பயணச்சீட்டு வாங்கி ஏறிய பொதுமக்கள். அவ்வாண்டு ஜூலையில் கடலுக்கு அப்பால் கொழும்பு நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் தோல்வியும், அதற்கு முன்னும் பின்னும் வந்த பேச்சுக்களின் தோல்வியும் உருவாக்கிய அகதிகளின் முகாம்களுள் ஒன்று பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலத்திலேயே இருக்கிறது. ஆகவே, இலங்கையில் அரசும் ஆயுதம் தாங்கிய இயக்கங்களும் நடத்திய சமாதானப் பேச்சுக்களின் வரலாறு நமக்கு அயல்நாட்டுச் செய்தியன்று. அவ்வரலாற்றில் நம் மொழியையே பேசும், நம் கிப்லாவையே நோக்கும் ஒரு சமுதாயம் எங்கே நின்றது என்பதே ஈண்டு நாம் காணப்போவது.

தமிழ் பேசும் மக்கள்

இலங்கைச் சோனகர்களின் தாய்மொழி தமிழ். தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி, ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடருக்குள் முஸ்லிம்களையும் அணைத்துக்கொண்டது. 1957 ஜூலை 26 அன்று செல்வநாயகமும் பிரதமர் பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், வட மாகாணம் ஒரே பிராந்தியமாகவும் கிழக்கு மாகாணம் இரண்டோ அதற்கு மேலோ பிராந்தியங்களாகவும் அமைய இடம் வைக்கப்பட்டிருந்தது. கிழக்கில் பலவகை மக்கள் வாழ்கின்றனர் என்ற உண்மையை அவ்வேற்பாடு மறக்கவில்லை. ஆனால் சிங்களத் தீவிரவாதிகளின் எதிர்ப்புக்கு அஞ்சி 1958இல் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தமும் நிறைவேறாது போயிற்று. ஆயுதமின்றிப் பேசியவர்களுக்கு அளித்த வாக்கை அரசு காப்பாற்றவில்லை. ஆயுதத்தோடு பேச ஒரு தலைமுறை எழுந்தது.

1977ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடையேறிப் பேசியவர்களுள் எம்.எச்.எம். அஷ்ரப் என்ற இளம் வழக்கறிஞரும் ஒருவர். அவரே 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். தமிழர் உரிமைக்காக முழங்கிய அவர் தனி அமைப்பு காண வேண்டியிருந்ததற்கான காரணத்தை அடுத்து வந்த ஆண்டுகள் உரைக்கின்றன.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இந்தியாவின் முயற்சியால் 1985 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூட்டான் தலைநகர் திம்புவில் பேச்சு நடைபெற்றது. ஒரு பக்கம் அரசு. மறுபக்கம் விடுதலைப் புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ், புளொட் ஆகிய இயக்கங்களும் கூட்டணியும். முஸ்லிம்களுக்கெனத் தனித் தூதுக்குழு அங்கில்லை. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, இலங்கையின் நான்கு இனங்களுள் ஒன்றாக முஸ்லிம்களைப் பெயர் சொல்லிக் குறித்தது. வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. கிழக்கு மாகாணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். இணைந்த மாகாணத்தில் அவர்களின் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அது குறித்து அவர்களின் கருத்து கேட்கப்படவில்லை. பெயர் ஏட்டில் இருந்தது. ஆள் அவையில் இல்லை.

பேச்சு முறிந்தபோது

1989இல் பிரேமதாசா அரசும் புலிகளும் பேசத் தொடங்கினர். 1990 ஜூனில் பேச்சு முறிந்து மீண்டும் போர் மூண்டது. அதன் விலையை யார் செலுத்தினார்கள் என்று பார்த்தல் வேண்டும். ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். புலிகள் பொறுப்பை மறுத்தனர். உயிர் தப்பியோரின் சாட்சியம் அவர்களையே சுட்டியது. அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும் அதே கொடுமை நிகழ்ந்தது. கிழக்கில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் புரிந்த கொடுமைகளும் உண்டு. அவற்றை மறைத்து நம் காயத்தை மட்டும் காட்டுவது நீதியாகாது.

அக்டோபரில் வடக்கு முழுவதிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டளையிட்டது. மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டப்பட்டனர். இரண்டே மணி நேரத்தில் ஊரை விட்டு நீங்க வேண்டும் என்பது ஆணை. நகையும் பணமும் பறிக்கப்பட்டன; சில நூறு ரூபாயும் மாற்றுடையுமே கையில் மிஞ்சின. மன்னார்த் தீவின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். 70,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு வேரோடு பிடுங்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் தஞ்சம் புகுந்தனர். சில வாரம் என்று எண்ணியிருந்தது பல பத்தாண்டுகளாயிற்று.

2002: கைக்கெட்டிய வாய்ப்பு

2002 பிப்ரவரி 22 அன்று நார்வேயின் முயற்சியால் ரணில் விக்கிரமசிங்காவும் பிரபாகரனும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதன் முகவுரை, மோதலில் நேரடியாகப் பங்குகொள்ளாதோரும், சிறப்பாக முஸ்லிம் மக்களும், துன்புறுவதை ஒப்புக்கொண்டது. ஒரு சமுதாயத்தின் துயரத்தை ஏற்றுக்கொண்டு, அச்சமுதாயத்தை உடன்படிக்கைக்கு வெளியே நிறுத்திய விந்தை அது. பாதிக்கப்பட்டவர் என்ற இடம் கிடைத்தது. பங்காளி என்ற இடம் கிடைக்கவில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில் கிளிநொச்சியில் நம்பிக்கையூட்டும் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. அஷ்ரப் 2000ஆம் ஆண்டில் ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்த பின் கட்சித் தலைவரான ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். வெளியேற்றப்பட்டோர் திரும்புதல், கிழக்கின் முஸ்லிம் உழவர்கள் தம் வயல்களுக்குச் செல்லுதல், கப்பம் வாங்குவதை நிறுத்துதல் முதலியன அதில் பேசப்பட்டன. வெளியேற்றம் தவறு என்பதைப் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். ஆனால் ஜூன் மாதத்திலேயே வாழைச்சேனையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டது. தலைவர்கள் இட்ட கையெழுத்து வயல் வரப்பு வரை சென்று சேரவில்லை.

செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கி, 2003 மார்ச்சில் ஜப்பானில் முடிந்த ஆறு சுற்றுப் பேச்சில் ஹக்கீம் கலந்துகொண்டார். ஆனால் அரசின் அமைச்சர் என்ற நிலையில், அரசுத் தூதுக்குழுவின் உறுப்பினராக! அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர் அரசுக்காகப் பேசுவாரா, அகதிக் குடிசைக்காகப் பேசுவாரா? தனித் தூதுக்குழு வேண்டும் என்று சமுதாயம் கேட்டது. உரிய நேரத்தில் முஸ்லிம் பிரதிநிதிகள் அழைக்கப்படுவர் என்று விடை கூறப்பட்டது. அந்த உரிய நேரம் வரவேயில்லை. 2003 ஜனவரி 29 அன்று தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலுவில் பிரகடனத்தை வெளியிட்டு, முஸ்லிம்களும் தனித் தேசிய இனம் என்று முழங்கினர். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினர்.

2004 ஆழிப் பேரலைக்குப் பின் நிவாரணப் பணிக்கென 2005 ஜூனில் ஒரு பொதுக் கட்டமைப்பு ஒப்பந்தம் கண்டனர். அதிலும் முஸ்லிம்களுக்கு உறுப்பினர் இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோர் அரசும் புலிகளுமே. உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதிக்க, அதுவும் செயலற்றுப் போயிற்று. 2006இல் மூதூரில் போர் வெடித்தபோது முஸ்லிம் மக்கள் மறுபடியும் மூட்டை கட்டினர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. எண்ணற்ற அப்பாவித் தமிழர்களின் உயிரைக் குடித்து முடிந்தது. அந்தத் துயரத்தை நினைக்கையில், பேசித் தீர்க்கக் கிடைத்த வாய்ப்புகளை இழந்தது எத்துணைப் பெரிய பிழை என்பது விளங்கும்.

மூன்றாமவரை விலக்கியதால் மட்டுமே பேச்சுக்கள் தோற்றன என்று சொல்லுதல் மிகை. அரசின் வாக்குத் தவறல், புலிகளின் பிடிவாதம், தென்னிலங்கைக் கட்சிகளின் பதவிப் போட்டி எனக் காரணங்கள் பல. எனினும், ஆயுதம் வைத்திருப்போரை மட்டும் அழைக்கும் மேசை, ஆயுதம் ஏந்தாதிருப்பது குற்றம் என்று மற்றோருக்குக் கற்பிக்கிறது. அது சமாதானத்தின் வேரிலேயே விழும் புழு.

ஹுதைபிய்யாவின் ஒரு விதி

இங்கே நம் நெஞ்சம் ஹுதைபிய்யாவை நாடுகிறது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்கத்துக் குறைஷியருடன் செய்துகொண்ட அவ்வுடன்படிக்கையைப் பற்றிப் பேசும்போது, அவர்களின் பொறுமையையே நாம் பெரிதும் போற்றுகிறோம். ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்களை ஏற்கச் சுஹைல் பின் அம்ரு மறுத்தபோது, அவற்றை அழிக்கச் செய்த பெருந்தன்மையை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். ஆனால் அதன் மற்றொரு விதியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள எந்தக் குலத்தாரும் தாம் விரும்பும் தரப்புடன் சேர்ந்து உடன்படிக்கையின் பாதுகாப்பைப் பெறலாம் என்பது அவ்விதி. குஸாஆ குலத்தார் முஸ்லிம்களுடன் சேர்ந்தனர். பனூ பக்ர் குலத்தார் குறைஷியருடன் சேர்ந்தனர்.

சுமார் இரண்டாண்டுகளில் பனூ பக்ர் குலத்தார், குறைஷியர் சிலரின் உதவியோடு, குஸாஆவினர்மீது இரவில் பாய்ந்து கொன்றனர். குஸாஆவின் தூதர் மதீனாவுக்கு வந்து முறையிட்டார். மதீனாவின்மீது ஓர் அம்புகூட எய்யப்படவில்லை. ஆயினும், மூன்றாமவருக்கு இழைத்த அநீதியே உடன்படிக்கையை முறித்த செயலாகக் கொள்ளப்பட்டது. மக்கா வெற்றிக்கு அதுவே வாயிலாயிற்று. சிறிய குலத்தின் குருதி பெரிய தரப்பின் குருதிக்கு ஈடாக மதிக்கப்பட்டது. காத்தான்குடியின் குருதிக்கு அத்தகைய மதிப்பு இருந்திருப்பின்!

இந்நீதி நமக்குச் சாதகமாக மட்டும் பேசும் நீதியன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோவில் மோரோ முஸ்லிம்கள் பல பத்தாண்டுகள் போராடி, மலேசியாவின் துணையால் 2014 மார்ச் 27 அன்று அரசுடன் உடன்படிக்கை கண்டனர். 2019இல் பாங்சாமோரோ தன்னாட்சிப் பகுதி அமைந்தது. அங்கே பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். மூன்றாமவர், மலைக்குடிகளும் குடியேறிய கிறிஸ்தவர்களும். அவர்களுக்கு அப்பகுதியின் சட்டமன்றத்தில் தனி இடங்களை 2018ஆம் ஆண்டுச் சட்டமே ஒதுக்கியது. குறைகள் இல்லாமலில்லை, ஆயினும் மூன்றாமவருக்கு அவையில் நாற்காலி உண்டு. அதிகாரம் நம் கைக்கு வரும் இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதே, அதிகாரம் இல்லாத இடத்தில் நாம் கேட்கும் நீதிக்கு உரைகல்.

இது நாடுகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காடு முதல் அரியலூர் வரை நம் ஊர்களிலும் சிறு பூசல்கள் எழுவதுண்டு. வட்டாட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டுகிறார். ஆட்பலம் உள்ள இரு தரப்பினர் அமர்ந்து கையொப்பமிட்டுக் கலைகின்றனர். கடை இழந்த சிறு வணிகர், எத்தரப்பிலும் சேராத கடைத்தெருக் கூலி, அச்சத்தால் கதவைச் சாத்திக்கொண்ட தாய்மார், இவர்களை யாரேனும் அழைத்ததுண்டா? அடுத்த முறை நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் அத்தகைய கூட்டத்திற்குச் செல்லும்போது, தமக்கு இருக்கை இருக்கிறதா என்று பார்த்ததோடு அமையாமல், வராதவர் யார் என்றும் கேட்பார்களாக. ரஞ்சன்குடியின் எரிந்த பேட்டையும் புத்தளத்தின் ஓலைக் குடிசையும் நம்மிடம் வேண்டுவது அந்த ஒரு கேள்வியைத்தான்.