ஆல்டெயர் 8800: வீட்டில் பூட்டிய கணினியின் முதல் இயக்கம்

ஆல்டெயர் 8800 என்பது 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நுண்கணினி ஆகும். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரிலிருந்த மிட்ஸ் நிறுவனம் இதனைத் தயாரித்தது. அந்நிறுவனத்தை நடத்தியவர் எட் ராபர்ட்ஸ். 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் 1975 சனவரி அட்டையில் இக்கணினி இடம்பெற்றதும் ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். ஆனால் அட்டைப்படத்தில் இருந்தது வெறும் பெட்டி. இதழுக்கு அனுப்பப்பட்ட முதல் மாதிரி வழியிலேயே தொலைந்துவிட்டது.

பூட்டும் பணி

400 டாலருக்கும் குறைந்த விலை அறிவிக்கப்பட்ட இக்கணினி பெரும்பாலும் உதிரிப் பாகங்களாகவே வந்தது. வாங்கியவரே மின்சுற்றுப் பலகைகளில் ஒவ்வொரு பாகத்தையும் பற்றாசு வைத்துப் பொருத்த வேண்டும். ஒரே ஓர் இணைப்பு பிசகினாலும் கணினி இயங்காது. பிசகு எங்கே என்று காட்டத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. 2 மெகாஎர்ட்சு வேகமுள்ள இன்டெல் 8080 நுண்செயலியும், 256 பைட் நினைவகமும், முன்பலகையில் சுவிட்சுகளும் சிறு சிவப்பு விளக்குகளுமே அடிப்படைத் தொகுப்பில் இருந்தன.

முதல் நிரல்

மின்சாரம் கொடுத்தவுடன் நினைவகத்தில் பொருளற்ற எண்களே இருக்கும். எனவே நிரலைக் கையாலேயே ஏற்ற வேண்டும். செய்முறைக் கையேட்டின் எளிய நிரல் இரண்டு எண்களைக் கூட்டியது. அதற்கு 14 பைட்டுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு பைட்டுக்கும் 8 சுவிட்சுகளை மேலும் கீழுமாக அமைத்து, நினைவகத்தில் பதிக்கும் சுவிட்சைத் தட்ட வேண்டும். பின்னர் கூட்ட வேண்டிய எண்களை 128, 129 ஆகிய முகவரிகளில் இட்டு இயக்க வேண்டும். இயக்கத்தை நிறுத்தி 130ஆம் முகவரியைப் பார்த்தால் விடை தெரியும். 2, 3 ஆகிய எண்களைக் கூட்டியிருந்தால், தரவு விளக்குகளில் வலப்பக்கத்திலிருந்து முதலாவதும் மூன்றாவதும் எரியும். அதாவது 5. தாம் பூட்டிய கணினி வேலை செய்கிறது என்பதற்கு அவ்விரு விளக்குகளே சான்று.

மின்சாரம் நின்றால் அனைத்தும் அழிந்துவிடும். 1975 மார்ச்சு 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கொட்டகையில் தொடங்கிய 'ஓம்புரூ கணினிக் கழக'த்தின் உறுப்பினர்களுக்கு இது நேரில் தெரிந்தது. அடுத்த மாதக் கூட்டமொன்றில் இசுடீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் நீண்ட நேரம் சுவிட்சுகளைத் தட்டி ஒரு நிரலை ஏற்றினார். யாரோ மின்கம்பியில் இடறியதால் அது அழிந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினார். பிறகு, அருகில் வைத்திருந்த வானொலியிலிருந்து பீட்டில்சு குழுவின் பாடல் மெட்டு ஒன்று கேட்டது. கணினியின் மின்குறுக்கீட்டையே அவர் இசையாக்கியிருந்தார்.

பேசிக் மொழி

பில் கேட்சும் பால் ஆலனும் ஆல்டெயருக்காகப் பேசிக் மொழிபெயர்ப்பியை எழுதினர். கணித நடைமுறைகளில் மான்டி டேவிடாஃப் உதவினார். அப்போது அவர்களிடம் ஆல்டெயர் இல்லை. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 கணினியில் ஆல்டெயரைப் போல நடந்துகொள்ளும் நிரலை அமைத்து அதிலேயே சோதித்தனர். 1975இல் ஆலன் துளையிட்ட காகித நாடாவுடன் ஆல்புகர்க்கிக்குப் பறந்தார். நாடாவைப் படிக்கச் செய்யும் ஏற்றி நிரலை எழுத மறந்திருந்ததால், அதனை விமானத்திலேயே எழுதினார். உண்மையான கணினியில் ஒருமுறைகூட ஓடாத அந்நிரல், 2+2 எவ்வளவு என்ற கேள்விக்கு 4 என்று விடை தந்தது. அதே ஆண்டு இருவரும் மைக்ரோசாஃப்டைத் தொடங்கினர்.

பின்விளைவு

1977இல் வந்த ஆப்பிள் II, டிஆர்எசு-80, பெட் ஆகிய கணினிகள் முழுமையாகப் பூட்டப்பட்டே கிடைத்தன. தொடக்க நிரலும் பேசிக்கும் அவற்றின் படிப்பு நினைவகத்திலேயே நிலையாக இருந்ததால், மின்சாரம் கொடுத்ததும் தட்டச்சு செய்யத் தொடங்கலாம். கணினி வாங்க மின்னணுவியல் அறிந்திருக்க வேண்டும் என்ற நிலை அதனால் மாறியது. இன்று வீட்டில் பூட்டப்படும் கணினியிலும் தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருளே முதலில் இயங்கி, நினைவகத்தைச் சோதித்து, இயக்குதளத்தை ஏற்றுகிறது. ஆல்டெயர் உரிமையாளர் விரல்களால் செய்த வேலை அதுவே.