செராமி, ஆன்தனி

அமெரிக்க உயிர்வேதியியலாளர். ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று நோயாளிகள் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையின் மருத்துவப் பயனை நிறுவியவர்களில் முதன்மையானவர். செல்களுக்கிடையே அழற்சிச் செய்தியைக் கொண்டுசெல்லும் டிஎன்எஃப் என்ற புரதம் அளவு மீறினால் உடலை எப்படிச் சிதைக்கும் என்பதைக் காட்டியதிலும் இவருடைய ஆய்வகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1940இல் நியூஜெர்சி மாநிலத்து நுவர்க் நகரில் பிறந்தார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் 1967இல் முனைவர் பட்டம் பெற்றார். தமது முக்கிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே செய்தார்.

நீரிழிவு ஆய்வுக்கு அவர் வந்த வழி அரிவாளணுச் சோகை. சயனேட் என்ற எளிய வேதிப்பொருள், ஹீமோகுளோபின் சங்கிலிகளின் முனையிலுள்ள வேலின் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைவதைத் தடுக்கிறது என்று 1971இல் ஜேம்ஸ் மேனிங்குடன் சேர்ந்து காட்டினார். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நரம்புகள் பாதிக்கப்பட்டதால் அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டது. ஆனால் ஹீமோகுளோபினின் அந்த முனையில் சிறு மூலக்கூறுகள் தாமாகவே போய் ஒட்டும் என்ற அறிவு வீண்போகவில்லை. குளுக்கோஸ் ஒட்டும் இடமும் அதே வேலின்தான்.

குளுக்கோஸ் ஒட்டிய எச்பிஏ1சி என்ற ஹீமோகுளோபின் வகையைக் கண்டுபிடித்தவர் செராமி அல்லர். 1958இல் ஹூயிஸ்மன், மெயரிங் ஆகியோர் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தனர். நீரிழிவோடு அதற்குள்ள தொடர்பைக் கண்டவர் ஈரானின் ஹமதான் நகரில் பிறந்த சாமுவேல் ரஹ்பர். டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளின் இரத்தத்தை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிறழ்ந்த ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்த அவர், நீரிழிவு நோயாளிகளின் மாதிரிகளில் வேகமாக நகரும் ஒரு பட்டையைப் பார்த்து 1968இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஹெலன் ரான்னியின் குழுவோடு சேர்ந்து அதை உறுதிசெய்தார். இந்தப் பரிசோதனையின் வரலாற்றை எவ்வளவு சுருக்கி எழுதினாலும் ரஹ்பரின் பெயர் விடுபடக் கூடாது.

பட்டை தெரிந்துவிட்டது; அதை வைத்து என்ன செய்வது என்பது தெரியவில்லை. நோயோடு பிறவியிலேயே வரும் அடையாளமா, அல்லது சர்க்கரை ஏறி இறங்குவதற்கேற்ப மாறுவதா? செராமியும் அவருடைய மாணவர் ரொனால்ட் கோனிக்கும் இதை எலிகளில் ஆராய்ந்தனர். சிவப்பணு வாழும் காலம் முழுவதும் எச்பிஏ1சி மெல்ல மெல்ல உருவாகிறது, நீரிழிவுள்ள எலிகளில் அது வேகமாக நடக்கிறது என்று 1975இல் கண்டனர்.

மறு ஆண்டு மனிதர்களிடம் நடந்த ஆய்வு மிகச் சிறியது. பங்கேற்றவர்கள் ஐந்தே நோயாளிகள். தொடக்கத்தில் அவர்களுடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 343 மில்லிகிராம். சிகிச்சையால் அதை 84 வரை இறக்கினார்கள். சர்க்கரை இறங்கிய உடனே எச்பிஏ1சி இறங்கவில்லை. வாரக்கணக்கில் பின்தங்கி வந்து, 9.8 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதத்துக்குக் குறைந்தது. அந்தத் தாமதத்தில்தான் பரிசோதனையின் பயன் முழுவதும் இருக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரை அது சாகும்வரை பெரும்பாலும் பிரிவதில்லை. அதனால் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் இனிப்பைத் தள்ளிவைப்பதால் இந்த எண் மாறாது. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி நிறம் பார்த்த காலத்திலும், ஒரு வேளை இரத்தச் சர்க்கரையை மட்டும் நம்பியிருந்த காலத்திலும் மருத்துவருக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடைத்ததில்லை.

அதன் முழு மதிப்பு 1993இல் தெரிந்தது. வட அமெரிக்காவில் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த ஆய்வில், எச்பிஏ1சி-யை 7 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தவர்களுக்கு, 9 சதவீதத்தை ஒட்டி இருந்தவர்களைவிட விழித்திரை, சிறுநீரக, நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறிய குறையைப் போக்க 1996இல் அமெரிக்காவில் தரப்படுத்தும் திட்டம் தொடங்கியது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கொள்ளலாம் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010இலும் உலகச் சுகாதார அமைப்பு 2011இலும் ஏற்றன. ஆனால் சிவப்பணுவின் ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். அணுக்கள் சீக்கிரம் அழியும் சோகையிலும், அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களிடமும், சில பிறவி ஹீமோகுளோபின் கோளாறுகளிலும் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவில் அது உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். சோகை பரவலாக உள்ள நாடுகளில் மருத்துவர்கள் இதை மறக்கக் கூடாது.

சர்க்கரை ஹீமோகுளோபினோடு நிற்பதில்லை. சூடான கல்லில் தோசை முறுகிச் சிவப்பதற்குக் காரணமான, 1912இல் மெய்யார் விளக்கிய அதே வேதிவினை, உடலின் வெப்பத்திலும் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. இரத்தக்குழாய்ச் சுவரின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து விறைக்கின்றன. ஹெலன் விளாசரா, மைக்கேல் பிரவுன்லீ ஆகியோருடன் செராமி இதை ஆராய்ந்தார். அமினோகுவானிடின் என்ற பொருள் நீரிழிவுள்ள எலிகளில் இந்தப் பிணைப்பைத் தடுக்கிறது என்று 1986இல் அறிவித்தனர். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தராததால் அது மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை.

செராமியின் மற்றொரு பாதையான செல் சமிக்ஞை ஆய்வு தொடங்கியது ஆப்பிரிக்காவின் உறக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியில். அது தொற்றிய முயல்கள் எலும்பும் தோலுமாக வற்றிச் சாகும். ஆனால் அவற்றின் இரத்த நீரில் கொழுப்பு மிகுந்திருக்கும். கொழுப்பை இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் இழுக்க உதவும் நொதி செயலிழந்திருந்தது. நொதியை முடக்குவது கிருமியா, உடலா? மசனோபு கவகாமியும் செராமியும் 1981இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை சொன்னது. பாக்டீரிய நச்சும் இதே நொதியை முடக்கும். ஆனால் அந்த நச்சுக்கு அசையாத ஒரு வகை எலி உண்டு. நச்சுக்கு ஆளாகும் எலிக்கு நச்சைக் கொடுத்து, அதன் இரத்த நீரை எடுத்து இதற்குச் செலுத்தினால், இதிலும் நொதி முடங்கியது. ஆக, நச்சைக் கண்டதும் உடலின் செல்களே ஏதோ ஒரு தூதுப் பொருளை வெளிவிடுகின்றன.

புரூஸ் பாய்ட்லர் அதைத் தூய்மைப்படுத்தினார். ‘ககெக்டின்’ என்று பெயரிட்டனர். அமைப்பை ஒப்பிட்டபோது, பத்தாண்டுக்கு முன், ராக்பெல்லர் இருக்கும் அதே யார்க் அவென்யூவில் உள்ள ஸ்லோன் கெட்டரிங்கில் லாயிட் ஓல்டின் குழு, கட்டிகளை அழிப்பதாகக் கண்டு டிஎன்எஃப் எனப் பெயரிட்ட புரதமும் இதுவும் ஒன்றே என 1985இல் தெரிந்தது. ஒரு பக்கம் புற்றுநோய்க்கு மருந்தாகுமென்று பார்க்கப்பட்ட பொருள், மறுபக்கம் உயிரைக் குடிக்கும் அதிர்ச்சிக்குக் காரணம். அதை முடக்கும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே கொடுத்தால் எலிகள் நச்சிலிருந்து தப்பின. இந்த எண்ணத்தின் வழியில் வந்த இன்ஃப்ளிக்சிமாப், எடனர்செப்ட் மருந்துகள் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முடக்குவாதத்துக்கு இரண்டும், குடல் அழற்சிக்கு இன்ஃப்ளிக்சிமாபும் இன்றும் பயன்படுகின்றன. பாய்ட்லர் பிற்பாடு வேறோர் ஆய்வகத்தில், அந்த நச்சைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்து 2011இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

செராமியின் இரண்டு பாதைகளையும் இணைத்தவர்கள் வேறு ஆய்வாளர்கள். பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஐச் சுரக்கிறது, அது இன்சுலின் சொல்வதைச் செல்கள் கேட்கவிடாமல் செய்கிறது என்று 1993இல் ஹோதாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர் காட்டினர். இரண்டாம் வகை நீரிழிவும் ஒருவகையில் அழற்சிதான் என்ற சிந்தனைக்கு வலுவூட்டியது இந்த ஆய்வு. எலிகளில் தெளிவாக இருந்தது மனிதர்களில் அப்படி இல்லை. 1996இல் இரண்டாம் வகை நோயாளிகளுக்கு டிஎன்எஃப் எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை.

1991இல் ராக்பெல்லரை விட்டு லாங் ஐலண்டில் பிகவர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார் செராமி. பிறகு மைக்கேல் பிரைன்ஸுடன் சேர்ந்து, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாயட்டின், அடிபட்ட மூளைத் திசுவையும் காக்கிறது என்று 2000இல் எழுதினார். காக்கும் பண்பை மட்டும் வைத்துக்கொண்டு, இரத்தம் பெருக்கும் பண்பை நீக்கி அவர்கள் வடிவமைத்த 11 அமினோ அமிலச் சிறு புரதத்துக்கு ஏஆர்ஏ 290 என்று பெயர். இரண்டாம் வகை நீரிழிவால் நரம்பு வலி வந்தவர்களிடம் நடந்த சிறிய சோதனையில், வலியோடு எச்பிஏ1சி-யும் ஓரளவு குறைந்ததாக 2015இல் வெளியான கட்டுரை கூறுகிறது.