மயிலாப்பூரில் உயிர்ப்பு: ஐயமும் மறுமொழியும்

சிலுவையில் இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிருடன் எழுந்தார் என்பது கிறித்தவ சமயத்தின் மைய நம்பிக்கை ஆகும். கத்தோலிக்கர் இதை உயிர்ப்பு என்பர். சீர்திருத்த சபையினர் உயிர்த்தெழுதல் என்பர். இதை நம்ப மறுத்தவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் இயேசுவின் சீடரான தோமாவே. காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் சொன்னதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. எட்டு நாள் கழித்து இயேசு அவர் முன் தோன்றுகிறார். தோமா தொட்டார் என்று அந்நூல் சொல்லவில்லை. கண்டவுடன் பணிந்தார் என்றே சொல்கிறது. பலரும் கவனிக்காத இடம் இது.

அந்தத் தோமாவின் கல்லறை என்று மரபு காட்டும் இடம், ஆழ்வார்பேட்டையிலிருந்து லஸ் சர்ச் சாலை வழியே கிழக்கே சென்றால் மயிலாப்பூரைத் தாண்டிக் கடலோரத்தில் உள்ள சாந்தோம். போர்ச்சுகீசியர் 1523இல் இங்கே அகழ்ந்து பார்த்தனர். இன்றைய கோதிக் பாணித் தேவாலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. தோமா இங்கு வந்தார் என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. 3ஆம் நூற்றாண்டுச் சிரியாக் நூலான ‘தோமாவின் பணிகள்’ அவரைக் கொண்டோபரஸ் மன்னனின் நாட்டோடு தொடர்புபடுத்துகிறது. அம்மன்னன் ஆண்டது வடமேற்கில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இக்கரையோரக் கல்லறையைக் குறிப்பிடுகிறார்.

சென்னையில் சமய ஐயம் அச்சேறியதும் பழைய கதைதான். 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழையும் ‘தி திங்கர்’ என்ற ஆங்கில இதழையும் நடத்தினர். லண்டன் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்புடைய அவர்கள் எல்லாச் சமயங்களையும் பகுத்தறிவால் சோதித்தனர்.

ஆனால் மயிலாப்பூர்க்காரர் கேட்கக்கூடிய கேள்வி லண்டன்காரர் கேட்பதிலிருந்து வேறானது. பாம்பு தீண்டி இறந்து, எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் வைக்கப்பட்டிருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய தலம் இது. கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குச் சந்நிதி உண்டு. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் இந்நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. ஈஸ்டரும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான் வரும். அப்படியானால் ஒன்றை வரலாறு என்றும் மற்றொன்றைப் புராணம் என்றும் எப்படிச் சொல்வது?

கிறித்தவர் தரும் முதல் மறுமொழி காலத்தைப் பற்றியது. பூம்பாவை கதையை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. பதிகம் பூம்பாவையை விளித்து ஊரின் திருவிழாக்களை அடுக்குகிறதே தவிர, கதையைச் சொல்வதில்லை. இயேசுவின் மரணமோ ஏறத்தாழ கி.பி. 30இல். பவுல் கொரிந்தியருக்கு முதல் கடிதம் எழுதியது ஏறத்தாழ 55இல். அதன் 15ஆம் அதிகாரத்தில் உயிர்த்தவரைக் கண்டோர் பட்டியல் இருக்கிறது; ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கண்டனர், அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிருடன் உள்ளனர் என்கிறார் பவுல். வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதை பல தலைமுறைகளில் வளர்ந்தது என்ற வாதம் இங்கே நிற்காது. ஆனால் நெருங்கிய காலத்துச் சாட்சியும் தவறலாம் என்ற வாதம் நிற்கும்.

இரண்டாவது, பெண்களின் சாட்சி. நான்கு நற்செய்திகளிலும் வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்களே. 2ஆம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் இதையே ஏளனம் செய்தார். சுமார் 248இல் ஒரிஜன் அவருக்குப் பதில் எழுதினார். பெண் சாட்சிக்கு மதிப்புக் குறைவான அக்காலத்தில், புனைபவர் இப்படிப் புனைவாரா என்பது கிறித்தவர் கேள்வி. இது வலுவான வாதம் என்றே தோன்றுகிறது. எனினும் பவுலின் பட்டியலில் பெண்கள் பெயர் இல்லை என்பதையும், சென்ற பெண்கள் எத்தனை பேர் என்பதில் நற்செய்திகள் ஒத்துப்போவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

சீடர்களே உடலைத் திருடினர் என்ற குற்றச்சாட்டு மத்தேயு நற்செய்தியிலேயே பதிவாகியுள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ரைமாரஸ் அதைப் புதுப்பித்தார். திருடியவர்கள் தம் பொய்க்காகத் துன்பப்படுவார்களா என்பது வழக்கமான பதில். அது அவர்கள் உளமார நம்பினர் என்பதைக் காட்டும். நம்பியது நடந்தது என்பதைக் காட்டாது.

உண்மையில் பூம்பாவையோடு ஒப்பிட வேண்டியவர் லாசர். இருவரும் பழைய வாழ்வுக்கே திரும்பியவர்கள். இயேசுவின் உயிர்ப்போ இனிச் சாவில்லாத வாழ்வு என்பது கிறித்தவர் கொள்கை, மறுபிறவியும் அன்று. இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டுச் சூழலில் எடுத்துரைத்தவர் வெங்கல் சக்கரைச் செட்டியார். 1903இல் ஞானஸ்நானம் பெற்றவர். வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், 1941இல் சென்னை மேயர். 1920களில் வெளிவந்த ‘இயேசு அவதாரம்’ என்ற பொருள்படும் தம் ஆங்கில நூலில், மற்ற அவதாரங்கள் பணி முடிந்ததும் மறைகின்றன, இயேசுவின் அவதாரம் முடிவதில்லை என்று வாதிட்டார். உயிர்த்தவர் ஆவியாக அடியாரின் உள்ளத்தில் தங்கிச் செயல்படுகிறார் என்பது அவர் கொள்கை.