ஒளிர்வதும் வெளியேறுவதும்

உயிர்மருத்துவப் படிமவியலில் ஒளிரும் நானோதுகள்களின் வரலாறு பெரும்பாலும் ஒளிர்வு கூடிவந்த வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒளிர்ந்த துகள் உடலை விட்டு வெளியேறியதா என்னும் வினா அதில் பின்தள்ளப்படுகிறது.

விளக்கை விரலால் மூடினால் சிவப்பொளி மட்டுமே கசியும். பிற நிறங்களைக் குருதியின் ஹீமோகுளோபின் பெரிதும் உறிஞ்சிவிடும். ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியை ஹீமோகுளோபினும் நீரும் குறைவாகவே உறிஞ்சுவதால், அது திசுவினுள் மேலும் ஆழமாகச் செல்கிறது. இவ்வெல்லையில் ஒளிரும் இண்டோசயனின் பச்சை என்னும் சாயம் 1959-இல் அமெரிக்காவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும்.

1998-இல் குவாண்டம் புள்ளிகள் உயிரியல் அடையாளத் துகள்களாக அறிமுகமாயின. 2004-இல் பவெண்டி, ஃபிராஞ்சியோனி குழுவினர் அண்மை அகச்சிவப்புப் புள்ளிகளைக் கொண்டு, உடலில் 1 செ.மீ. ஆழத்திலிருந்த நிணநீர்க் கணுவை அறுவையின்போதே கண்டனர். அதே ஆண்டில், காட்மியம் செலினைடு புள்ளிகள் ஆக்சிஜனேற்றத்தால் காட்மியத்தை வெளிவிட்டு உயிரணுக்களைக் கொல்லக்கூடும் என வேறொரு குழு காட்டியது. 2007-இல் ஃபிராஞ்சியோனியும் பவெண்டியும் இடம்பெற்ற குழுவே ஓர் எல்லையை வரையறுத்தது: நீரியக்க விட்டம் 5.5 நானோமீட்டருக்குக் குறைவான புள்ளிகளே சிறுநீர் வழியே விரைவாக வெளியேறுகின்றன.

இவ்விரு வினாக்களும் திருவனந்தபுரத்தில் தனித்தனியே வளர்ந்தன. பாப்பனம்கோட்டு மண்டல ஆய்வகத்தில் (2007 முதல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) அ. அஜயகோஷ் உள்ளிட்டோர், கன உலோகமற்ற ஸ்குவரைன் என்னும் அண்மை அகச்சிவப்புச் சாயங்களை ஆராய்ந்தனர். இச்சாயங்கள் நீரில் திரண்டு ஒளிர்வை இழப்பதால், அவற்றைத் துகளுக்குள் பொதிந்து காக்க வேண்டியுள்ளது.

மறுபுறம், ஒரு பொருளை உடல் ஏற்குமா என்னும் வினாவை ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் நெடுங்காலம் எதிர்கொண்டது. வலியத்தான் தலைமையில் உருவான இதய வால்வின் முதல் மூன்று வடிவங்களும் தோல்வியுற்றன. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் நிறுவப்பட்ட அதே 1990-இல்தான் நான்காம் வடிவம் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அறுவை அரங்கில் இன்றும் வழக்கிலிருப்பது அந்தப் பழைய பச்சைச் சாயமே. புதிய துகளை வடிவமைக்கும் ஆய்வாளர் அதன் ஒளிர்வை அளக்கும் நாளிலேயே, அது உடலை விட்டு வெளியேறும் வழியையும் ஆராயத் தொடங்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.